சுவரிலிருந்து வந்த மீன் வாடை

சிநேகிதி,

போன செவ்வாய்க்கிழமை மதியம் மாடியில் மீன் வாடை அடித்தது. குருசுக்குப்பத்தில் அதற்கெல்லாம் யார் மெனக்கெடுவார்கள்? பக்கத்து வீட்டில் கருவாடு காய்கிறது என்று சன்னலைச் சாத்தி, ஊதுவத்தி வேறு கொளுத்தி வைத்தேன். என் சாமர்த்தியத்தை நீ பார்த்திருக்க வேண்டும். படி இறங்கும்போது பக்கத்து மொட்டை மாடி கண்ணில் பட்டது. காலியாகக் கிடந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாடு போட மீன் ஏது?

அப்போதுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "மீன் நாத்தம் அடிச்சா சன்னல சாத்தாதடி, சொவத்த மோந்து பாரு. சுவிட்சு போர்டு சூடானா அப்படித்தான் நாறும்."

மெயினை இறக்கிவிட்டு ஒவ்வொரு அறையாக ஓடினேன். நாலாவது அறையில் கட்டிலுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் பழுப்பேறி உருகியிருந்தது. அந்தக் கட்டிலில் ராத்திரி டியூட்டி முடித்து வந்த நர்ஸ் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பி வெளியே அனுப்பினேன்.

அப்பா விட்டுப்போன வீட்டை வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதியாக நான் மாற்றியபோது வயரிங் பார்க்க நீதான் வந்தாய். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கியவள், வயர்மேன் உரிமத்தோடு ஏணியில் ஏறி நின்றதைப் பார்க்கவே எனக்குப் பெருமையாக இருந்தது.

"எட்டு பொண்ணுங்களும் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர்னு ஒரே லைன்ல சொருவுவாளுங்க. ரூமுக்கு ரூம் தனி லைன் இழு, கரண்டு கசிஞ்சா தானா அணையுற டிரிப்பர் வை. கரண்டு வேலைக்கான விதிப் புத்தகத்துலயே இருக்கு."

"அது சட்டமா?" என்று கேட்டேன்.

"புத்தகம் சட்டமில்ல. அரசாங்கம் ஏத்துக்கிட்டு ஆர்டர் போட்டா, போட்டது மட்டும் சட்டம்."

"போட்டாச்சா?"

"சிலது போட்டிருக்கு. சிலது வெறும் யோசனையா இருக்கு."

"பழைய வீட்டுக்கும் சேத்தா?"

நீ தலையைச் சொறிந்தாய். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குச் சொத்துப் பிரிக்க இந்தியச் சட்டம், எதிர்வீட்டுக்குப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சட்டம். இதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எது நமக்குப் பொருந்தும் என்று யாராவது வந்து சொல்லட்டும், அதுவரை சும்மா இருப்போம் என்பது என் வழக்கம். "சட்டமாவட்டும், போடுறேன்" என்றேன்.

டெஸ்டரைப் பைக்குள் எறிந்தாய். "சட்டம் கேட்டா போடுவ. நான் கேட்டா போட மாட்ட, இல்ல?"

அப்புறம் நீ படுத்துவிட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் "லைன் இழுத்தியாடி?" என்றுதான் கேட்டாய். "பாத்துட்டு இருக்கேன்" என்று உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்த வாரம் மின்துறை ஆபீசில் விவரம் கேட்டு அலைந்தேன். புத்தகம் பரிந்துரைதான் என்றார் ஒருவர். பரிந்துரைதான், ஆனால் மின் பாதுகாப்பு விதிகள் அதைக் காட்டிச் சொல்லும் இடத்தில் கட்டாயம் என்றார் இன்னொருவர். எந்த வருடத்துப் புத்தகம் என்று கேட்டால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு விதி, விடுதிக்கு ஒரு விதியாம். நானும் குடியிருக்கும் விடுதி எதில் சேரும்? சத்தியமாக எனக்குப் புரியவில்லை. நீ இப்போது இல்லை என்பதை மறந்து, உன்னிடம் கேட்கலாம் என்று போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் மீன்காரம்மா தெருவில் வந்தால்கூடச் சுவரை மோந்து பார்க்கிறேன். பெண்கள் சிரிக்கிறார்கள்.

நேற்று எல்லா அறைக்கும் தனி லைன் இழுத்து, டிரிப்பரும் வைத்தாயிற்று. வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டே எலக்ட்ரீசியன் கேட்டார், "இதெல்லாம் போடணும்னு எந்த ஆபீஸ்லம்மா சொன்னாங்க?"

நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

"ஆபீஸ்ல இல்லீங்க. என் சிநேகிதி கேட்டா."