சுண்டுவிரல் கத்தியும் ரத்தான பாஸும்

அனுப்புநர்:
பெண்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கும் நோயாளியின் கணவர்,
மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர்.
தற்போதைய இருப்பிடம்: தங்கள் மருத்துவமனையின் வெளிவாசல், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய சிமெண்ட் பெஞ்சு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: பழம் நறுக்கும் மடக்குக் கத்தியை ஆயுதம் என்று பறிமுதல் செய்து, துணையாளர் பாஸை ரத்து செய்தது – அறுவை சிகிச்சைக்கு முன் மனைவியைப் பார்க்க அனுமதி கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. வாசல் மேற்பார்வையாளர் வாய்மொழியாக இட்ட உத்தரவு.
2. அதே மேற்பார்வையாளர், அதைவிட உரத்த குரலில் இட்ட இரண்டாவது உத்தரவு.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எழுத்தில் எங்காவது மரியாதை குறைந்திருந்தால் அதைப் படபடப்பின் கணக்கில் வைத்து மன்னிக்க வேண்டுகிறேன்.

1. என் மனைவி நகரப் பேருந்தில் நடத்துநர். பின்படியில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், முன்படியில் தொங்குகிறவர்கள் தாமாகவே உள்ளே ஏறிவிடுவார்கள். அந்தக் குரல் சில மாதங்களாகக் கம்மத் தொடங்கியது. கழுத்தில் கட்டி என்று கண்டுபிடித்து இங்கே சேர்த்திருக்கிறோம். நாளை காலை அறுவை சிகிச்சை. கட்டி, குரல் நரம்பை ஒட்டி இருக்கிறதாம். "குரல் கொஞ்ச நாள் கம்மிப் போகலாம்மா. அபூர்வமா, முன்ன மாதிரி வராமலே போகவும் வாய்ப்பிருக்கு. முன்கூட்டியே சொல்லிடுறது எங்க கடமை" என்று மருத்துவர் எங்கள் இருவரிடமும் பக்குவமாகச் சொன்னார். அதற்கு என் மனைவி, "அப்ப டிக்கெட் டிக்கெட்னு கத்துறதுக்கு இவரைத்தான் பஸ்ல கூட்டிட்டுப் போகணும். இவரு கத்தினா வண்டி காலியாயிரும்" என்றார். மருத்துவர் உட்பட எல்லோரும் சிரித்தோம். மருத்துவர் போன பிறகு என் சட்டை நுனியைப் பிடித்த என் மனைவி, வெகுநேரம் விடவில்லை. இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், நான் எதற்காக உள்ளே போக வேண்டும் என்பது தங்களுக்கு விளங்க வேண்டும்.

2. இனி கத்தியைப் பற்றி. மடக்கினால் என் சுண்டுவிரல் அளவு. விரித்தால் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். மரக் கைப்பிடி. நகம் வைத்து அலகை இழுக்க ஒரு சின்னப் பள்ளம். விரித்த அலகு தானாக மடங்கி விரலைக் கடிக்காமல் இருக்க ஒரு வளையம், அதைத் திருகிவிட வேண்டும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். வாங்கி வந்த அன்று என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கத்தியா, காது குடையிற சாமானா?" என்று கேட்டார். மறுநாளே பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, "அந்தக் காது குடையிற சாமானை எடுங்க" என்றார்.

3. அதற்கு முன் பெரிய கத்தி ஒன்று வைத்திருந்தேன். ரம்பம், திருப்புளி, மூடி திறப்பான் என்று ஒரு பட்டறையே அதற்குள் மடங்கிக் கிடந்தது. பையில் போட்டால் கால்சட்டை ஒரு பக்கமாக இறங்கும். பை கிழிந்து என் மனைவி தைத்துத் தைத்துச் சலித்துப் போனார். பொது இடத்தில் அதை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுவார். ஆகவே அது வீட்டு அலமாரியோடு நின்றுவிட்டது. வேண்டிய நேரத்தில் கையில் இல்லாத கத்தி எவ்வளவு பெரியதாக இருந்து என்ன பயன்? சின்னக் கத்தி அப்படியில்லை. பையில் இருப்பதே தெரியாது. பென்சில் சீவ, பார்சல் பிரிக்க, புதுச் சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை அறுக்க, கடையில் கண்ணாடிச் சட்டத்தில் உறைந்த பசையைச் சுரண்ட என்று ஒவ்வொரு நாளும் நாலு தடவை கைக்கு வரும். அதைக் கண்டு யாரும் பயப்படுவதும் இல்லை. "ஒரு நிமிஷம் குடுங்களேன்" என்று கைதான் நீளும். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. தங்கள் மருத்துவமனையிலும் அப்படித்தான் கைகள் நீண்டன, அதுதான் இந்த மனுவுக்கு முக்கியம்.

4. கட்டியினால் என் மனைவிக்கு விழுங்குவது சிரமம். ஆப்பிளை அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவு மெல்லியதாகச் சீவித் தந்தால்தான் உள்ளே இறங்கும். பெரிய மாத்திரைகளைப் பாதியாக்கித் தரும்படி செவிலியரே சொன்னார்; இந்தக் கத்தியால்தான் பாதியாக்கினேன். வார்டின் கத்தரிக்கோல் கட்டுத்துணி வெட்டி வெட்டி மழுங்கிவிட்டதால், தலைமைச் செவிலியரும் மருந்துப் பெட்டி வந்த நாளெல்லாம், "ஐயா, அந்தக் குட்டியை இப்படிக் குடுங்க" என்று வாங்கிப் பிரித்துவிட்டு, துடைத்துத் திருப்பித் தருவார். வாசல் காவலருக்கும் அது நன்றாகத் தெரியும். எவரும் அதை ஆயுதம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பேன்.

5. முந்தாநாள் காலை நான் வாசலுக்கு வந்தபோது காவலர் ஒரு அட்டைப்பெட்டியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். பெட்டியைச் சுற்றிக் கெட்டியான பிளாஸ்டிக் பட்டை. சாவியால் நெம்பிப் பார்த்தார், பல்லால் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "சார், நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க குட்டியை எடுங்க" என்றார். எடுத்தேன். பட்டையை அறுத்து, ஒட்டுநாடாவைக் கிழித்து, உள்ளே இருந்த தெர்மாகோலையும் நானே பிடித்து இழுத்துக் கொடுத்தேன். பெட்டிக்குள் இருந்தவை, உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கைக்கருவிகள். அவற்றில் ஒன்றுக்கு பேட்டரி போடவும் கூட நின்று உதவினேன்.

6. "முதல் ஆளா உங்களையே சோதிச்சுப் பாத்துடுறேன் சார்" என்று காவலர் ஆசையாகச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே கைகளைத் தூக்கினேன். சட்டைப் பைக்கு நேரே வந்ததும் கருவி கத்தியது. "மிஷினு சூப்பரா வேலை செய்யுது சார்!" என்று அவரும் சிரித்தார். சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

7. மேற்பார்வையாளர் கத்தியை வாங்கி விரிக்கப் பார்த்தார். வரவில்லை. அவர் நகம் உடைந்துவிடப் போகிறதே என்று, எங்கே இழுக்க வேண்டும், வளையத்தை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று நான் காட்டிக் கொடுத்தேன். "பாத்தியா, எவ்வளவு பழக்கமா விரிக்கிறாருன்னு" என்று காவலரிடம் சொன்னார். உதவிக்கு நீட்டிய கையை இப்படியும் பார்க்க முடியுமா? கீழே கிடந்த பெட்டியைக் காட்டி, "ஐயா, இந்தக் கத்தியாலதான் இந்த மிஷினையே வெளிய எடுத்தோம்" என்றேன். காவலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆஸ்பத்திரிக்குள்ள ஆயுதத்தோட வந்த ஆளுக்கு பாஸ் கிடையாது. ரூல்னா ரூல்தான்" என்று சொல்லி, என் பாஸை வாங்கி இரண்டாகக் கிழித்தார். கத்தியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பாஸை மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அதற்குக் கிடைத்ததுதான் பார்வை இரண்டில் கண்ட உத்தரவு. அதிலிருந்த சொற்களை ஒரு மனுவில் எழுத என் கை கூசுகிறது.

8. அன்று முதல் என் கொழுந்தியாள் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அக்காவுக்குத் துணையாக இருக்கிறார். தங்கமான பெண். ஆனால் ஆப்பிளைக் கையால் பிட்டுக் கொடுக்கிறார், அது என் மனைவியின் தொண்டையில் இறங்குவதில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எது அவருடைய ஜன்னல் என்றுகூட கீழிருந்து சரியாகத் தெரியவில்லை.

9. இதுவரை சொன்னது முதல் அதிர்ச்சி. அடுத்தது நேற்று மதியம் தொலைபேசியில் வந்தது. என் மனைவிதான் பேசினார். குரல் பாதி காற்றாக வந்தது. "ஏங்க, உங்க கத்தி இங்க மேல வந்திருச்சு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விவரம் சொன்னார். மருந்துப் பெட்டிகள் வந்து குவிந்துவிட்டதாம். பிரிக்க ஒன்றும் இல்லை என்று தலைமைச் செவிலியர் கேட்க, மேற்பார்வையாளரே பொது உபயோகத்துக்கு என்று அதை மேலே அனுப்பிவைத்தாராம். இப்போது கட்டுத்துணிப் பட்டையில் கோத்து செவிலியர் மேசையில் கட்டிப்போட்டிருக்கிறார்களாம். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு அதில்தான் கொய்யா நறுக்குகிறார்கள். "மேற்பார்வையாளரே வந்து நின்னு ஒரு ஆப்பிள நறுக்கித் தின்னாருங்க. 'சின்னதா இருந்தாலும் என்னா வெட்டு வெட்டுது'ன்னு பாராட்டிட்டு வேற போறாரு" என்று சொல்லும்போது என் மனைவிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, போனை வைத்துவிட்டார்.

10. ஐயா, நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனாலும் கேட்கிறேன். அது ஆயுதம் என்றால் வார்டுக்குள் எப்படிப் போனது? ஆயுதம் இல்லையென்றால் நான் எப்படி வெளியே வந்தேன்? என்னைப் பறிமுதல் செய்து வாசலில் வைத்துவிட்டு, கத்திக்குப் பாஸ் கொடுத்திருக்கிறார்கள். நோயாளிகள் இருக்கும் இடத்தில் விதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. யார் எந்த எண்ணத்தோடு வருகிறார்கள் என்று வாசலில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கருவிகள் வந்ததும் நல்லதுக்குத்தான். பையில் இருப்பதை வெளியே வை என்று சொல்லியிருந்தால் மறுபேச்சில்லாமல் வைத்திருப்பேன். ஒரு வார்த்தை சொல்லாமல் பாஸைக் கிழித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

11. காவலர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறேன். அவர் வேளாவேளைக்கு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார். இந்த மனுவால் அவர் வேலைக்கு ஏதாவது வருமானால் இதை இப்போதே கிழித்துப் போட்டுவிடவும்.

12. ஆகவே நான் கேட்பவை:

(அ) இன்று மாலைக்குள் எனக்குத் துணையாளர் பாஸ் திரும்பக் கிடைக்க வேண்டும். உள்ளே போகும்போது என்னை எந்தக் கருவியால் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம்.

(ஆ) என்னை ஆயுதத்தோடு வந்த ஆள் என்று வாசலில் சொல்லிவைத்திருப்பதை நீக்க வேண்டும். கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் சிலர் இந்த வழியாகத்தான் போகிறார்கள், வருகிறார்கள். நேற்று ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் தெரு மாறிப் போனார்.

(இ) கத்தி எனக்கு வேண்டாம். வார்டிலேயே இருக்கட்டும். பழம் நறுக்கியதும் கழுவி ஈரம் போகத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கீலில் துரு ஏறிவிடும். மருந்துப் பெட்டியும் பழமும் ஒரே கத்தியில் வேண்டாம் என்றும் சொல்லலாம், அது என் வேலை இல்லை என்றாலும்.

இம்மூன்றில் முதலாவதை மட்டும் தந்து மற்ற இரண்டையும் தள்ளுபடி செய்தாலும் எனக்குச் சம்மதம்.

13. இதை எழுதி முடிக்கும் நேரத்தில் என் மனைவி மீண்டும் கூப்பிட்டார். நாளை காலை முதல் ஆளாக அவரைத்தான் அழைத்துப் போகிறார்களாம். வழக்கமாக அவர் பேச ஆரம்பித்தால் நான் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பேன். இன்று அழுத்திப் பிடித்தும் பாதிதான் கேட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இதை அவரிடம் சொல்லவில்லை, தங்களிடம் சொல்கிறேன். கடைசியாக அவர் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. "ஏங்க, போன்ல என் குரல் சரியா வரமாட்டேங்குது. நாளைக்குள்ள ஒரு தடவ நேர்ல வந்து கேட்டுட்டுப் போயிருங்க."

அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தாங்கள் எனக்கு இன்று மாலைக்குள் தெரிவிக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மருத்துவமனை வாசல், வெளிப்புறம்
நாள்: அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், பகல்

இப்படிக்கு,
பெஞ்சிலேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
நோயாளியின் கணவர்