நான் நேரில் பார்க்காத நாற்பத்து மூன்று பேர்

ஜூலை 7, திங்கள்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். ப்ளஸ் டூ படிக்கிறவள் என்று உள் அறையை எனக்கே விட்டுவிட்டார்கள். கதவைச் சாத்தினால் படிக்கிறேன் என்று நினைப்பார்கள்.

நேற்று ஒரு வேலை செய்தேன். தப்பா என்று தெரியவில்லை. தப்பில்லை என்றால் பிரவீனா அக்கா ஏன் யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்?

அக்கா ஏர்போர்ட்டில் வேலை செய்கிறாள் என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வதைக் கேட்டால், அவள் தினமும் விமானத்தில் பறக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் நுழைவு வாசலில் ஒரு டேப்லெட்டோடு நிற்கிறாள். ஏஜென்சி வேலை. பயணிகளை விரைவு வரிசைக்குப் பதிவு செய்ய வேண்டும். ஆதாரையும் முகத்தையும் ஒருமுறை கொடுத்துவிட்டால், அடுத்த முறை வாசலில் கார்டைத் தேட வேண்டியதில்லை. கேமரா முகத்தைப் பார்த்ததும் கேட் திறந்துவிடும். ஒரு ஷிப்டுக்கு எண்பது பேர் சேர்க்க வேண்டும். அக்காதான் எப்போதும் முதல். எப்படி என்று கேட்டேன்.

"‘ஏனுங்க, கார்டக் கொஞ்சம் குடுங்க, ரெண்டே நிமிசமுங்க’ன்னு கேட்டாப் போதும் லோகு. நம்மூருல அப்படிக் கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

கட்டாயம் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் கொடுக்கிறார்களாம். கட்டாயமில்லை என்று அக்காவும் சொல்வதில்லை.

சனிக்கிழமையும் நேற்றுக் காலையும் டேப்லெட்டில் நெட் கிடைக்கவில்லை. கார்டையும் முகத்தையும் உங்கள் போனிலேயே படம் எடுத்து வையுங்கள், அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் கிருபாசங்கர் சொல்லியிருக்கிறார். நேற்று ஒரு மணிக்கு ஷிப்டு முடிந்து வந்த அக்காவுக்குத் தலைவலி. டேப்லெட்டை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். நீ தூங்கு, நான் ஏற்றுகிறேன் என்றேன். மூன்று மணிக்கு உட்கார்ந்து ஐந்துக்கு முடித்தேன். பெயர், முகவரி, முகம். கடைசியில் இரண்டு கட்டங்கள். ‘பயணியின் சம்மதம் பெறப்பட்டது.’ ‘பயணியை நேரில் பார்த்தேன்.’ இரண்டிலும் டிக் போட்டால்தான் அடுத்த ஆளுக்குப் போக முடியும்.

போட்டேன். நாற்பத்து மூன்று பேருக்கும். ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

ஜூலை 10, வியாழன்

பிசிக்ஸ் டெஸ்டில் ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. அக்காவை இந்த வாரத்தின் சிறந்த ஊழியர் என்று போட்டோ போட்டிருக்கிறார்கள். அம்மா ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மா கோனியம்மன் கோவிலுக்குப் போயிருந்தாள், அப்பா லேத் பட்டறையில். அக்கா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தாள்.

இன்று காலை ஹைதராபாத் விமானத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறார். சாஜிதா பேகம். இரண்டு வாரத்துக்கு முன் படம் எடுத்தவர் என்று அக்காவுக்கு ஞாபகம். அவளே கூப்பிட்டு, நீங்கள் பதிந்தாகிவிட்டது, விரைவு வரிசையில் வாங்க என்று நிறுத்தியிருக்கிறாள். அவர் கேமராவைப் பார்த்தார். திரையில் ‘வருக, ரம்லா’ என்று வந்தது.

டிக்கெட்டில் சாஜிதா பேகம். கார்டில் சாஜிதா பேகம். கேமராவுக்கு மட்டும் ரம்லா.

தனியாக அழைத்துப் போய்விட்டார்கள். பையை இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தார்கள். விமானம் போய்விட்டது. அவர் கத்தவில்லையாம். என் மகள் அங்கே டெங்கு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடக்கிறாள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

எங்கள் ஊழியர் நேரில் பார்த்துத்தான் பதிவு செய்தார், அந்தப் பெண்தான் வேறு யாருடைய கார்டையோ கொடுத்திருக்க வேண்டும் என்று கிருபாசங்கர் எழுதிக் கொடுத்துவிட்டார். போலீசுக்குப் போயிருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி விசாரணை. அதுவரை அவர் ஊரைவிட்டுப் போகக் கூடாது.

அக்கா, அது நாம் ஏற்றினது இல்லையா என்று கேட்டேன்.

"சும்மா இரு லோகு. மெசின்ல ஏதோ கோளாறு."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஜூலை 19, சனி

மெசினில் கோளாறு இல்லை.

அக்கா குளிக்கப் போனபோது அவள் போனில் பார்த்தேன். பதினேழாவது ஆளும் பதினெட்டாவது ஆளும். இரண்டு பேரும் கறுப்புப் பர்தாவில் இருக்கிறார்கள். ஒருவருக்கு வட்ட முகம், மூக்கில் கண்ணாடி பதிந்த தடம். இன்னொருவர் ஒல்லி, தாடையில் மச்சம். கொஞ்சமும் ஒற்றுமை கிடையாது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். நான் இவர் முகத்தை அவர் கார்டிலும், அவர் முகத்தை இவர் கார்டிலும் போட்டிருக்கிறேன்.

புடவை கட்டியவர்கள் இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் மாற்றவில்லை. இவர்களை மட்டும் ஏன்? — துணியைப் பார்த்தேன். அதோடு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். முகத்தைப் பார்ப்பதைத் தவிர அதில் வேறு வேலையே இல்லை, அதைத்தான் நான் செய்யவில்லை.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். காதைப் பொத்திக்கொண்டாள்.

ஜூலை 21, திங்கள்

மாலையில் கிருபாசங்கர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா உள்ளே வாங்க, காபி சாப்பிடுங்க என்று எவ்வளவோ சொன்னாள். வண்டியைவிட்டு இறங்கவில்லை. அம்மா உள்ளே போனதும் அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார். ஜன்னல் பக்கம் நான் இருந்தது அவருக்குத் தெரியாது.

"போன்ல இருக்கறதையெல்லாம் அழிச்சுப்போடு அம்மணி. யாரு கேட்டாலும் நேர்ல பாத்தேன்னு மட்டும் சொல்லு. உன்ற நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆவணில நிச்சயம் வெச்சிருக்கறீங்க, கேசு கீசுன்னு ஆனா யாருக்குச் சங்கடம்?"

மிரட்டவே இல்லை. அவ்வளவு மரியாதை. அதுதான் பயமாக இருந்தது.

அக்கா எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். அழித்துவிட்டு அழுதாள். அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற மதன்குமார் மாமா வீட்டில், சத்தியமங்கலத்தில், பத்திரிகை அடிக்கக்கூடச் சொல்லிவிட்டார்கள். அவளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெண்ணுக்குத்தான் ஆகும்.

ஆனால் ஒன்று அழியவில்லை. நான் ஏற்றிய நேரம். சாஜிதா பேகத்தின் பதிவில் ஞாயிறு மாலை மூன்றே முக்கால் என்று இருக்கும். அக்கா அன்றைக்கு ஒரு மணிக்கே வெளியே வந்துவிட்டாள். அங்கே ஊழியர்களுக்கும் வருகைப் பதிவு முகத்தை வைத்துத்தான். ஏர்போர்ட்டிலேயே இல்லாதவள் எப்படி நேரில் பார்த்திருப்பாள்? யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்கச் சொல்லி ஒருவர் சொல்ல வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

நாற்பத்து மூன்று பேரில் நினைவிருக்கிற பெயர்களை இங்கே எழுதி வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது பெயரிலேயே நிறுத்திக் கிழித்துவிட்டேன் — இதற்கு மட்டும் யாரிடம் சம்மதம் கேட்டேன்?

ஜூலை 26, சனி

போய்விட்டு வந்துவிட்டேன்.

ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு உக்கடம் பஸ்ஸில் ஏறினேன். சாஜிதா பேகத்தின் முகவரி எனக்குத் தெரியும். நானே டைப் செய்ததுதானே. வீதி, வீட்டு எண், எல்லாம். கோட்டைமேட்டில் யாரிடமும் வழி கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அதை நினைத்தே உடம்பு கூசியது.

கதவு திறந்துதான் இருந்தது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வட்ட முகம், மூக்கில் கண்ணாடி. பக்கத்தில் பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடந்தன. என் யூனிபார்மைப் பார்த்துவிட்டு, "அளவு குடுக்க வந்தியாம்மா?" என்று கேட்டார்.

இல்லைங்க, நீங்கள் சாஜிதா பேகம்தானே என்றேன். மெஷினை நிறுத்தினார்.

"என் ஊடு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க ஆதார் கார்டுல பாத்தேனுங்க."

"என் கார்டு உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டேப்லெட், இரண்டு டிக், பதினேழு, பதினெட்டு. முகத்தைப் பார்க்காமல் பர்தாவை மட்டும் பார்த்தேன் என்பதையும் சொன்னேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அன்றைக்கு வாசலில் டேப்லெட்டோடு நின்ற அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அக்கா, அக்கா என்று கேட்டது, வாங்கிப் பார்த்துவிட்டுத் தரும் என்று நினைத்துத்தான் கார்டைக் கொடுத்தேன், அதற்குள் படமும் எடுத்துவிட்டது என்றார். எட்டு நாளாக எத்தனை பேர் வந்து கேட்டார்கள் என்று சொன்னார். யார் அந்த ரம்லா, எங்கே பழக்கம், மொத்தம் எத்தனை பேர் நீங்கள்.

"கேட்ட கேள்விக்கு எனக்கே சந்தேகம் வந்துருச்சு, நான் சாஜிதாதானான்னு."

சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு உடனே நின்றுவிட்டது.

நடந்ததையெல்லாம் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"லெட்டரு யாரு வேணா எழுதலாம். திங்கக்கிழம பதினோரு மணிக்கு ஸ்டேசனுக்கு நீ வருவியா?"

வருகிறேன் என்றேன். குரல் வெளியே வரவில்லை போலிருக்கிறது. மறுபடியும் கேட்டார்.

"வாரேனுங்க."

வயது கேட்டார். பதினேழு என்றதும், "என் மக ரிஃபத்தவிட ரெண்டு வயசு சின்னவ" என்றார். ரிஃபத்துக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். ஆனால் இன்னும் எழுந்து நடக்க முடியவில்லை. கூடப் படிக்கும் நர்சிங் பிள்ளைகள்தான் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

ஜூலை 27, ஞாயிறு

மத்தியானம் மொட்டை மாடியில் அக்கா யூனிபார்மைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே வைத்துத்தான் சொன்னேன். கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. ஓங்கிய கை அப்படியே கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"என்ற வாழ்க்கைய நாசம் பண்ணிப்போட்டயேடி."

நாளைக்கு நான் சொல்லப்போவது இவ்வளவுதான் என்றேன். டிக் போட்டது நான். படத்தை மாற்றியது நான். அப்போது நீ வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். அழிக்கச் சொன்னது யார் என்று கேட்டால் அதையும் சொல்வேன். ரம்லாவோடு சேர்த்து மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்பேன், அவர்களுக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது. பொய் மட்டும் சொல்ல மாட்டேன்.

"அப்ப நானு? பொய் சொல்றவளா?"

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். அவள் வரவில்லை. ராத்திரி சோற்றைத் தொடவில்லை. என்னம்மா ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும் என்று அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. ஒருவேளை அவர்கள் என்னைத் திட்டலாம், ஸ்கூலுக்குச் சொல்லலாம், டிசி கொடுக்கச் சொல்லலாம். சத்தியமங்கலத்துக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். அக்கா என்னோடு பேசாமலே கல்யாணம் ஆகிப் போய்விடலாம்.

இருந்தாலும் போகத்தான் போகிறேன்.

ஜூலை 28, திங்கள்

விடிந்துவிட்டது. தூங்கவில்லை.

நாலேகாலுக்கு அக்காவை ஏற்றிக்கொள்ள வேன் வந்தது. எப்போதும் ஒரு ஹாரனுக்குள் ஓடிவிடுவாள். இன்று மூன்று தடவை அடித்தது. அப்புறம் போய்விட்டது. போகும் சத்தத்தை நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன்.

அதற்குப் பிறகு சமையலறையில் பேச்சுச் சத்தம். அக்கா குரல் மட்டும்தான், தணிந்து, நிற்காமல். அம்மா பாத்திரம் தேய்ப்பது நடுவில் நின்றுவிட்டது. ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. இப்போது குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துவிட்டேன். லீவ் லெட்டரும் எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் முதலில் காய்ச்சல் என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டு

கதவைத் தட்டுகிறார்கள். அக்கா குரல்.

"லோகு, எந்திரிச்சாச்சா? என்ற ஆதார் கார்டையும் எடுத்து வெய்யி, ஸ்டேசன்ல கேப்பாங்க. அம்மாகிட்ட சொல்லிப்போட்டேன். ரெண்டு பேருமே போலாம்."