வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு

பிப்ரவரி 4

ஆமைக்கு,

நலம். நீயும் தங்கச்சியும் பாப்பாவும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. பாப்பா தூங்குகிற நேரம் தெரியாததால் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பதாகத் தங்கச்சி ஒரு வரி அனுப்பினாள். சரி, கடிதம். இதைப் பாதியில் வெட்ட உன்னால் முடியாது.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. உன் புரதம் வைட்டமினைப் பிடிக்கவில்லை.

தங்கச்சியும் இதைப் படிப்பாள் என்பதால் அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பி2 வைட்டமின் தானாக நடந்து போகாது. தூக்கிக்கொண்டு போக ஒரு புரதம் வேண்டும். தங்கச்சி, நாலு வருடம் உன் கணவன் பாக்டீரியாவுக்குள் வளர்த்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது அப்படி ஒரு சுமைதூக்கியைத்தான். அதை எங்கள் என்.எம்.ஆர். காந்தத்துக்குள் இறக்கினால், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு புள்ளியாகத் திரையில் விழும். மொத்தம் நூற்று நாற்பது சொச்சம். வைட்டமினைச் சேர்த்தால் அது போய் உட்காருகிற இடத்துப் புள்ளிகள் நகர வேண்டும். ஒரு பங்கு சேர்த்தேன். இரண்டு பங்கு. நாலு பங்கு. ஒரு புள்ளிகூட அசையவில்லை.

உன் கடைசி அத்தியாயம் இதன்மேல்தான் நிற்கிறது. மார்ச் 20 அன்று குழு கூடுகிறது. அத்தியாயம் போனால் ஆய்வேடு போகும், ஆய்வேடு போனால் பட்டம் போகும். பேராசிரியர் என்னிடம் அறிக்கை கேட்டிருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். அந்த மரியாதையாவது நமக்குள் இருக்க வேண்டும்.

உன் மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆடுகிற நாற்காலிக் காலுக்கு நீ மடித்துச் செருகிய அட்டை இன்னும் அங்கேயே இருக்கிறது.

அவசரம்


பிப்ரவரி 11

அன்புள்ள அவசரத்துக்கு,

உன் கடிதம் வந்தது. நாலு பக்கக் கடிதத்தில் நலம் விசாரிப்பு ஒன்றரை வரி. உன் கணக்கில் அது அதிகம்தான்.

பாப்பா நலம். நாலு மாதத்தில் கவிழ்ந்து படுக்கக் கற்றுக்கொண்டாள், நிமிரத்தான் தெரியவில்லை. கவிழ்ந்ததும் எங்களைக் கூப்பிட்டு அழுகிறாள். எனக்கு இங்கே பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை. லாரி வந்ததும் ஒரு குடுவை எடுத்து, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்பது எனக்குப் புதிதாக இருக்கிறது.

உன் கடிதத்தை உன் தங்கச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "ஒரு புள்ளி அசையலைங்கிறதுக்கா இவ்வளவு பெரிய லெட்டர்? அந்த அண்ணனை ஒருநாள் நம்ம வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூங்க வைக்கச் சொல்லுங்க. அப்ப அசையாம இருக்கிறதோட அருமை தெரியும்" என்றாள்.

எனக்குக் கோபம் இல்லை. அந்தப் புரதம் வைட்டமினைப் பிடிப்பதை நான் பதினோரு முறை பார்த்திருக்கிறேன். பி2 தனியாக இருந்தால் பச்சையாக ஒளிரும். புரதம் அதைப் பிடித்ததும் ஒளி அணைந்துவிடும். பதினோரு முறையும் அணைந்தது. அதனால் இரண்டே கேள்வி. இந்த மாதிரியைத் தயாரித்தது யார்? காந்தத்தில் இறக்குவதற்கு முன்னால் அது என்ன நிறமாக இருந்தது?

உன் நண்பன்,
ஆமை


பிப்ரவரி 16

ஆமைக்கு,

நிறமா? நான் நூற்று நாற்பது புள்ளிகளைப் பற்றிப் பேசுகிறேன், நீ புடவைக் கடையில் நிற்கிற மாதிரி நிறம் கேட்கிறாய்.

மாதிரியைத் தயாரித்தது நான். புதுப் பெண்ணுக்கு இன்னும் கை வரவில்லை. உன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்தேன். கடைசியில், புரதத்தை நிறுத்திக்கொண்டு சின்னதை மட்டும் வெளியே விடுகிற டயாலிசிஸ் பையில் மூன்று நாள் போடச் சொல்லியிருக்கிறாய். உப்பை வெளியேற்ற ஒரு நாள் போதும், ஒரு நாள் போட்டேன். நீ எதையும் மூன்று மடங்கு நேரம் எடுத்துச் செய்கிறவன் என்பது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். காந்தத்தில் எனக்குக் கிடைப்பது வாரத்துக்கு இரண்டு நாள்தான். நிறம் பார்க்க வழியில்லை. வெளிச்சத்தில் பி2 கெட்டுப்போகும் என்று அடம்பிடித்துப் பழுப்புக் கண்ணாடிக் குழாய்களை வாங்க வைத்ததே நீதான். அதற்குள் பாலை ஊற்றினாலும் பழுப்பாகத்தான் தெரியும்.

உன் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். வந்துவிட்டது. நேற்று அறிக்கையைப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் இது சந்தோஷமான வேலை இல்லை. ஆனால் இல்லாததை இருக்கிறது என்று எழுத என்னால் முடியாது. நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

பாப்பாவைத் தூங்க வைக்க வரத் தயார் என்று தங்கச்சியிடம் சொல்.

அவசரம்


பிப்ரவரி 22

நண்பருக்கு,

அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு உறை வந்தது. என் அத்தியாயத்தைப் பற்றிக் குழு கூடுவதற்குள் விளக்கம் தர வேண்டுமாம். கூடவே உங்கள் அறிக்கையின் நகலும் இருந்தது. அதன் மேல் வலது மூலையில் உங்கள் கையெழுத்து. அதன் கீழே தேதி: பிப்ரவரி 2.

இதைப் பற்றி நான் வேறொன்றும் எழுதப் போவதில்லை.

வேலை விஷயம் மட்டும். பாக்டீரியாவுக்கும் பி2 வேண்டும், அதைத் தானே செய்துகொள்ளும். நம் புரதம் அதற்குள்ளேயே வளர்வதால், வெளியே வரும்போதே ஆளுக்கு ஒரு வைட்டமினைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. அமிலம் கலந்த தண்ணீரில் போட்டால்தான் விடும். விடுவதற்கு மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாள் உப்புக்காக இல்லை. ஏற்கெனவே பிடித்திருக்கிறவனிடம் நீங்கள் மேலும் நாலு பங்கு நீட்டினால் எந்தப் புள்ளி நகரும்?

நோட்டுப் புத்தகம், பக்கம் 61, கீழே சிறிய எழுத்தில்: "குழாயில் ஊற்றுமுன் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு. மஞ்சள் தெரிந்தால் திரும்பப் போடு." மீதி மாதிரி குளிர்பெட்டியில் இருக்கும். ஒரு சொட்டு போட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை.

இப்படிக்கு,
முன்பு உங்களோடு வேலை செய்தவன்


மார்ச் 5

ஆமைக்கு,

நீ "நீங்கள்" என்று எழுதிய கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் சொட்டு. போட்டேன். மஞ்சள். சந்தேகப்படவே முடியாத மஞ்சள். காய்ந்த பிறகும் தாளில் வட்டமாக நிற்கிறது.

கண்ணாடி கழுவுகிற அக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "இது மஞ்சளாத்தானே தம்பி வரும்? அவரு இருந்தப்போ பை வெள்ளையாகிற வரைக்கும் தண்ணி மாத்திக்கிட்டே இருப்பாரு. நீங்க மறுநாளே எடுத்துட்டுப் போனீங்க, ஏதோ புது முறைன்னு நெனச்சேன்" என்றார். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். "உங்ககிட்டயா? நீங்க நடந்து போறப்ப வழி விடத்தான் நேரம் இருக்கும்" என்றார்.

அமிலத்தண்ணீரில் மூன்று நாள் போட்டேன். ஆறு முறை மாற்றினேன். அந்த மூன்று நாளும் வேறு வேலை ஓடவில்லை, பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ எப்படி நாலு வருடம் இதைச் செய்தாய் என்று தெரியவில்லை. நாலாம் நாள் அமிலம் இல்லாத வழக்கமான பஃபர் கரைசலுக்கு மாற்றிவிட்டு ஒரு சொட்டு போட்டேன். தாளில் ஈரம் மட்டும்தான் இருந்தது. காந்தத்தில் இறக்கினேன். வைட்டமின் சேர்த்ததும் இருபத்து மூன்று புள்ளிகள் நகர்ந்தன. நீ அத்தியாயத்தில் "அநேகமாக இந்தப் பள்ளத்தில்" என்று பயந்து பயந்து எழுதியிருந்தாயே, புரதத்தின் அதே பள்ளத்தில்தான் வைட்டமின் போய் உட்காருகிறது. அந்த "அநேகமாக"வை எடுத்துவிடலாம். படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன்.

புது அறிக்கை கொடுத்துவிட்டேன். முதல் வரி: "முந்தைய அறிக்கையில் பயன்படுத்திய மாதிரி வைட்டமின் நீங்கிக் காலியாக இருக்கவில்லை, தயாரித்தவர் குறிப்பேட்டின்படி செய்யவில்லை, தயாரித்தவர் நான்." திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். நீ நேரில் வந்து பேசினால் அத்தியாயம் அப்படியே நிற்கும் என்கிறார் பேராசிரியர்.

அடுத்தது தேதி. இரண்டாம் தேதி காலையில் படிக்கட்டில் பேராசிரியர் கேட்டார். கையில் இருந்தது, கொடுத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உன் ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது. நாலாம் தேதி உட்கார்ந்து "முதலில் உனக்குத்தான்" என்று எழுதினேன். பதினாறாம் தேதி "நேற்று கொடுத்தேன்" என்றும் எழுதினேன். முகத்துக்கு நேரே சொல்கிறவன் என்று அதே பக்கத்தில் பெருமையும் அடித்துக்கொண்டேன். புரத விஷயத்தில் நான் செய்தது தப்பு. இது பொய். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும்.

20-ஆம் தேதி வா. என் அறையில் உன் பாய் சுருட்டியபடியே இருக்கிறது. வேறெங்காவது தங்குவதானாலும் சரி. வா.

அவசரம்


மார்ச் 10

அவசரத்துக்கு,

படம் வந்தது. உன் தங்கச்சி சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டாள். "எந்தப் புள்ளிங்க நகர்ந்துச்சு?" என்று கேட்டாள். காட்டினேன். "இத்தனூண்டா?" என்றாள். இத்தனூண்டுதான் என்றேன். பாப்பாவும் இப்போது நிமிர்ந்துவிட்டாள், அவளே.

இரண்டு நாள் விடுப்பு சொல்லிவிட்டேன். 19 மாலை பஸ்ஸில் வருகிறேன். மூன்று பேராக வருகிறோம், அதனால் பாயை எடுத்து உதறி வை. பாப்பா யார் கையில் தூங்குகிறாள் என்று பார்த்துவிடலாம்.

அந்த மஞ்சள் சொட்டு விழுந்த தாளைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். அதை என் நோட்டுப் புத்தகத்தில் பக்கம் 61-க்கு எதிரே ஒட்டு. அடுத்து அந்த மேசையில் உட்காருகிறவர்களுக்கு உதவும். கீழே உன் கையெழுத்தைப் போடு.

தேதியும் போடு. போட்ட அன்றைய தேதி.

ஆமை