அந்த ரஷ்யப் பெண்ணும் நீயும்

இன்று கும்மிடிப்பூண்டி பழைய புத்தகக் கடையில் அந்த ரஷ்ய நாவலின் தமிழ்ப் பிரதியைப் பார்த்தேன். பிரித்ததும் அதே மக்கிய காகித வாசனை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து நீ இரண்டு மாதம் படித்த புத்தகம்.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் நாம் ஒரே ஷிப்ட். போகும் வழியெல்லாம் எனக்குக் கதை சொல்வாய். கணவனையும் மகனையும் விட்டுவிட்டு வேறொருவனோடு போய்விடும் பெண்ணின் கதை. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

"புள்ளைய உட்டுட்டுப் போறவ இன்னாடி பொம்பள?" என்றேன்.

"அந்தப் புள்ளைக்கு அவ பண்ணது பாவம்தான். ஆனா பொய்யா வாழ்ந்துகினு இருக்க அவளால முடியல. அவள நல்லவன்னும் சொல்ல முடியல, கெட்டவன்னும் சொல்ல முடியல. அதான் பேஜாரா இருக்குது" என்றாய்.

கதையைத்தான் பேசுகிறாய் என்று நினைத்தேன். அடுத்த மாதம், எட்டு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அத்திப்பட்டில் வேலை பார்த்தவரோடு நீயும் போய்விட்டாய்.

ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தாய். "எம் பொண்ணு என்னைக் கேட்டான்னா மட்டும் சொல்லுடி. எப்படியாவது வந்து பாத்துட்டுப் போறேன்."

அவள் கேட்டாள். பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தி, "ஆன்ட்டி, எங்கம்மா உங்ககிட்ட பேசறாங்களா?" என்றாள். பக்கத்தில் யாரும் இல்லை. உன் எண் என் போனில் இருந்தது. "இல்லம்மா" என்றேன்.

அடுத்து நீ அழைத்தபோது, "அவ உன்னைக் கேக்கவே இல்ல" என்றேன். உன்னைத் தண்டிக்க எனக்கு உரிமை இருப்பதாக அன்று நினைத்தேன். நீ "சரிடி" என்று வைத்துவிட்டாய். அதற்குப்பின் நீ அழைக்கவே இல்லை.

எட்டு மாதத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. அந்த மனிதர்தான் தகவல் சொன்னார். உன்னை அவர் நன்றாகத்தான் வைத்திருந்தார் என்பது அவர் அழுததிலேயே தெரிந்தது. அதுகூட எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. எல்லாம் முடிந்த பிறகே உன் மகளுக்குச் சொன்னார்கள்.

இப்போது அவள் பத்தாவது படிக்கிறாள். உன்னைப்போலவே தலையைச் சாய்த்துப் பேசுகிறாள். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் கேட்டாள். "எங்கம்மா ஒருதடவகூட என்னைத் தேடலல்ல ஆன்ட்டி?"

வாயைத் திறந்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அவளுக்குச் சேர வேண்டிய பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது.