வெள்ளை மாத்திரை

செவ்வாய், இரவு.

அம்மாவின் உதட்டு வீக்கம் வடிந்துவிட்டது. பல்வலிக்குப் பக்கத்து வீட்டு மாமி, தன் வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். தனக்குப் பென்சிலின் ஆகாது என்று தெரிந்தும், என்ன மாத்திரை என்று கேட்காமல் அம்மா போட்டுக்கொண்டாள்; உதடு வீங்கிவிட்டது.

“எனக்கு ஆகாதது அந்தச் சிவப்பு மஞ்சள் கேப்சூல்டி. இது வெள்ளை.”

தில்லைநகரில் ஊசி போட்ட டாக்டர், “இது பென்சிலின் இல்லம்மா, அதோட பங்காளி. பென்சிலின் ஆகாத பல பேருக்கு இது ஒண்ணும் செய்யாது. உங்களுக்குச் செஞ்சிருக்கு” என்றார். வேறு வகை மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஸ்ரீரங்கம் திரும்பியும் அம்மா அதைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். பல்வலி குறையவில்லை.

“நீ முழிச்சிருந்தா போட்டுக்கறேன்.”

போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். எனக்குக் கண் எரிகிறது. ஒவ்வொரு வரி எழுதியதும் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்க்கிறேன்.