ஹோஸ் பக்கத்தில் கற்பூரம்

ஜூலை 24, 2012, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மல்காஜ்கிரியில் ரயில் பாலத்தடியில் முழங்கால் தண்ணீர். குடையை வசந்தா கொண்டுபோய்விட்டாள். நனைந்துகொண்டே பஸ்.

ஜீடிமெட்லா தாண்டி ஒரு பாட்டில் தொழிற்சாலை. இதுவரை உலைக்கு எண்ணெய், இனி திரவ இயற்கை எரிவாயு. மேற்குக் கடற்கரையிலிருந்து டாங்கர் லாரியில் வரும். இங்கே பெரிய வெள்ளைத் தொட்டியில் இறக்கி வைப்பார்கள். முதல் டாங்கர் வெள்ளிக்கிழமை. அமைச்சர் வருகிறார். அதற்கு முன்னோட்டமாக இன்று நிருபர்களுக்குப் பாதுகாப்பு விளக்கம். பிரியாணி என்று சொல்லியிருந்ததால் நல்ல கூட்டம்.

விளக்கம் சொன்னது பெல்சி என்ற இன்ஜினீயர். டாங்கரிலிருந்து இறக்கும் வேலை முழுக்க அவள் பொறுப்பு. முப்பது வயது இருக்கலாம். நாகர்கோவில் பக்கம். சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை, இன்னும் வேலை உறுதியாகவில்லை. நான் தமிழ் என்று தெரிந்ததும் கொஞ்சம் குரல் இறங்கியது.

குறித்துக்கொண்டவை: லாரி நின்றதும் இன்ஜின் அணைத்து, சாவியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை. எர்த் கம்பி முதலில், ஹோஸ் அப்புறம். ஹோஸில் இருக்கும் காற்றை நைட்ரஜன் விட்டு வெளியேற்றி, பிறகு மெதுவாகக் குளிர வைத்து, அதற்குப் பிறகுதான் வால்வு. உள்ளே வருவது மைனஸ் 162 டிகிரி. அவசரப்பட்டால் இணைப்புகள் விட்டுப்போகும். கசிந்தால் வெள்ளையாகத் தரையோடு ஊர்ந்து வரும். அது வாயு இல்லை, குளிரில் உறைந்த காற்றின் ஈரம். வாயு கண்ணுக்குத் தெரியாது, மணக்கவும் செய்யாது. "வெள்ளை முடியிற இடத்துல வாயு முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிராதீங்க சார்." கம்பத்தில் கட்டிய காற்றுப்பையைப் பார்த்து, காற்று வரும் திசையை நோக்கிப் போக வேண்டும். கையுறை தொளதொளவென்று இருக்கும். உதறினால் கழன்று விழ வேண்டும் என்பதற்காக. பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் சிந்தினது பூட்ஸில் இறங்கிக் காலோடு உறைந்துவிடும்.

இதில் எத்தனை பேர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. டிவிக்காரர் ஒருவர் வெடிக்குமா வெடிக்காதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். பக்கத்தில் இருந்தவர் ரைத்தா தேடினார்.

கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள் கிரண். மழையிலும் கூலிங் கிளாஸ். வெள்ளிக்கிழமை பூஜை எங்கே என்று கேட்டான். கேட்டில், ஹோஸ் மாட்டுவதற்கு முன்னால் என்றாள் பெல்சி. கேட்டில் போட்டோ நன்றாக வராது, பின்னால் டீக்கடை தெரியும் என்று அவனுக்குக் கவலை. கடைசியில் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்வது அவன் தொழில்.

பிரியாணி சுமார்.

ஜூலை 26, வியாழன்

மூக்குக் கண்ணாடி அமீர்பேட்டில் கொடுத்திருந்தேன். இன்றும் தயாராகவில்லை. கடை வாசலில் ஜாவா கோச்சிங் நோட்டீஸை என் கையில் திணித்தான் ஒருவன். இந்த நரைத்த தலையைப் பார்த்த பிறகும்.

செய்தி ஆசிரியர் மூர்த்தி கூப்பிட்டார். (இனி செ.ஆ.) சனிக்கிழமை அந்தத் தொழிற்சாலையின் நான்கு பக்க விளம்பர இணைப்பு நம் பேப்பரில் வருகிறதாம். அதனால் வெள்ளிக்கிழமைச் செய்தி "பாசிட்டிவ்" ஆக இருக்க வேண்டுமாம். நடப்பதை எழுதுகிறேன் என்றேன். அதைத்தான் சொல்கிறேன், நல்லபடியாக நடப்பதை எழுதுங்கள் என்றார். ஹைடெக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடம் திறந்தால் முதல் பக்கம், அதன் ஜன்னலைத் துடைக்கிறவன் கீழே விழுந்தால் ஏழாம் பக்கம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

நாளை வரலட்சுமி விரதம். காலையில் வீட்டில் இரு என்றாள் வசந்தா. முடியாது என்றேன். பேச்சு இல்லை.

ஜூலை 27, வெள்ளி

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நல்ல காற்று. எழுதி வைத்துவிட வேண்டும், நடந்த வரிசையில்.

பூஜை காலையிலேயே கேட்டில் முடிந்தது. தேங்காய், கற்பூரம், சக்கரத்தடியில் எலுமிச்சை எல்லாம். பூஜை செய்த பந்துலு வயதானவர், சத்தம் இல்லாதவர். பிறகு டாங்கர் உள்ளே போனது. சொன்னபடியே எல்லாம் செய்தாள் பெல்சி. ஹோஸில் பனி பூத்தது. திரவம் இறங்க ஆரம்பித்தது.

அமைச்சர் தாமதம். பத்தரைக்கு ராகு காலம். பத்து மணிக்கு மேல் கம்பெனி சேர்மன் முகத்தில் வியர்வை. கடைசியில் வந்தார், பின்னால் ஒரு ஊர்வலம். கேட்டில் அவர்களிடம் செல்போனையோ தீப்பெட்டியையோ யாரும் கேட்டு வாங்கவில்லை. கிரண் பாதுகாப்பு உடை போட்டிருந்தான், பேன்ட்டை பூட்ஸுக்குள் அழகாகச் செருகி.

பூஜை முடிந்துவிட்டதா, அமைச்சர் இல்லாமலா என்றார் சேர்மன். உடனே இன்னொரு பூஜை, இந்தத் தடவை பனி பூத்த ஹோஸுக்குப் பக்கத்திலேயே. கிரண் பந்துலுவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். பெல்சி குறுக்கே வந்து நின்றாள். தெலுங்கும் இந்தியும் கலந்து, லோடு இறங்குகிறது, தீ கூடாது என்றாள். ஒரே ஒரு போட்டோ என்றான் கிரண். அமைச்சரின் ஆள் ஒருவன், "அரே, கைக்கு இத்னா டென்ஷன்?" என்று சிரித்தான், எதற்கு இத்தனை பதற்றமாம். பெல்சி எனக்குக் கேட்கும்படி தமிழில் சொன்னாள்: "தீய இங்க வச்சிட்டு என்னால வால்வத் தெறந்து வைக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

சேர்மன் தட்டைக் கையில் வாங்கினார். கற்பூரம் எரிந்தது. போட்டோக்காரர்கள் எடுத்துத் தள்ளினார்கள்.

பெல்சி சிவப்புப் பொத்தானை அடித்தாள். சங்கு. வால்வுகள் மூடிய சத்தம். தீயணைப்பான் ஒன்றை எடுத்துத் தட்டின்மேல் பொடி அடித்தாள். தட்டு, பூ, தேங்காய், சேர்மனின் பட்டு வேட்டி, பந்துலு, எல்லாம் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் மேலே குழாயிலிருந்து புஸ்ஸென்று ஒரு வெண்மேகம். மூடிய குழாய்க்குள் மாட்டிய திரவம் சூடேறி வாயுவாகிறது, அதை வெளியே விட வைத்த வழி அது. இதையும் செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தாள்.

எல்லோரும் கார்களை நோக்கி ஓடினார்கள். காற்றுப்பை அந்தப் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருந்தது, வாயு போகிற பக்கம். அமைச்சரின் ஒரு செருப்பு வழியில். நானும் ஓடினேன், அதே பக்கம்.

எதுவும் பற்றவில்லை. பெல்சியை அங்கேயே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வசந்தா சுண்டல் வைத்திருந்தாள். பேச்சு இன்னும் இல்லை.

ஜூலை 28, சனி

பேப்பர். நான் எழுதியதில் ஒரு வரி கூட இல்லை. விளம்பர இணைப்பின் முதல் பக்கத்தில், முழு அகலத்துக்கு: சேர்மன், அமைச்சர், எரியும் கற்பூரத் தட்டு, பின்னால் பனி பூத்த ஹோஸ். "மங்களகரமான தொடக்கம்." அச்சு அபாரம், சுடரின் நீலம் கூடத் தெரிகிறது.

செ.ஆ.விடம் கேட்டேன். அவருக்கு வேறு கதை வந்திருக்கிறது. கிறிஸ்தவப் பெண், பூஜையை அவமதித்தாள், ஆரத்தித் தட்டில் பொடி அடித்தாள். கிரண் சொன்னான். சென்டிமென்ட் விஷயம், நாம் தொட வேண்டாம் என்றார். தொடாமல் விடுவதால் அந்தக் கதைதான் நிற்கும் என்றேன். அதனால்தான் தொட வேண்டாம் என்கிறேன் என்றார். இந்தப் பதிலுக்கு அர்த்தம் உண்டா என்று கேன்டீன் வரை யோசித்துக்கொண்டே போனேன். இல்லை. கேன்டீனில் மிர்ச்சி பஜ்ஜியும் இல்லை.

ஜூலை 30, திங்கள்

பெல்சி போன் செய்தாள். அழவில்லை. விசாரணை வைத்து வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்றாள். அவமதிப்பு என்று எழுதி வெளியே அனுப்பினால், வேறு எந்த பிளான்ட்டிலும் வால்வு பக்கம் விட மாட்டார்கள். "வேல போனாலும் பரவால்ல சார். சாமிய அவமதிச்சேன்னு போட்டுட்டு போகச் சொல்லுதாங்க. அது எப்படி?" ஹாஸ்டலில் கூடப் பக்கத்து அறைக்காரிகள் பேசுவதில்லையாம்.

பார்த்ததைச் சொல்ல வருகிறேன் என்றேன். சரி சார் என்றாள். நம்பின மாதிரி இல்லை. எங்கள் பேப்பரை அவளும் பார்த்திருப்பாள்.

கண்ணாடி வந்தது. இடது பக்கம் தப்பு.

ஆகஸ்ட் 1, புதன்

வேடிக்கை. தொட்டிகளுக்கு லைசன்ஸ் தரும் துறையின் ஆய்வாளர் ஒருவர் பேப்பர் படிக்கிறவர். விளம்பர இணைப்பையும் படிக்கிறவர், இந்த ஊரில் அப்படி ஒரு ஜென்மம். போட்டோவைப் பார்த்துவிட்டு, லோடு இறங்கும்போது தீ எப்படி வந்தது என்று கம்பெனியைக் கேட்டிருக்கிறார். காசு கொடுத்துப் போட்ட போட்டோ, மறுக்க முடியாது.

கிரண் எனக்கே போன் செய்தான், குரலில் தேன். இப்போது கம்பெனியின் நிலைப்பாடு: தீயை அனுமதித்தது பொறுப்பில் இருந்த பெல்சி. சனிக்கிழமை பூஜையைத் தடுத்த குற்றம். புதன்கிழமை தடுக்காத குற்றம். இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறாயே என்றேன். சார், சூழ்நிலை மாறிவிட்டது என்றான். நான் சின்ன வயதில் லாலாகுடா மைதானத்தில் பார்த்த கழைக்கூத்தாடிக்குக்கூட ஒரு கம்பு தேவைப்பட்டது.

ஆகஸ்ட் 3, வெள்ளி

விசாரணை. தொழிற்சாலை மீட்டிங் அறை, ஏ.சி. குளிர். ஆய்வாளர் மெலிந்த மனிதர், டீயைத் தொடவில்லை. கிரண், சேர்மனின் வக்கீல், பெல்சி, நான். மூலையில் பந்துலு. அவமதிப்புக்குச் சாட்சியாகக் கம்பெனி முன்பே அழைத்திருந்தது. கதை மாறிய பிறகு அழைப்பை ரத்து செய்ய மறந்துவிட்டார்கள்.

நான் பார்த்த வரிசையைச் சொன்னேன். நிருபர் கம்பெனிமேல் விரோதம் உள்ளவர் என்றார் வக்கீல். இல்லை, எல்லோர்மேலும்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது.

பிறகு ஆய்வாளர் மூலையைப் பார்த்து, பந்துலு காரு, நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்றார்.

பந்துலு தெலுங்கில், அவசரமில்லாமல் பேசினார். கேட்டில் பூஜை முடிந்துவிட்டது. இரண்டாவது எதற்கு என்று கேட்டேன், போட்டோவுக்கு என்றார்கள். இந்த அம்மா தீ வேண்டாம், பூ போடுங்கள் என்றாள். சரியென்று நான் பூவைத்தான் எடுத்தேன். என் தீப்பெட்டியைக் காலையிலேயே கேட்டில் இவளிடம் கொடுத்துவிட்டேன். கேட்டாள், கொடுத்தேன்.

அப்படியானால் பற்ற வைத்தது யார்?

பந்துலு கிரணைப் பார்த்தார். "லைட்டர் இவரோடது."

அவமதிப்பு என்று சொல்கிறார்களே என்று ஆய்வாளர் இழுத்தார். "எனக்கா? வேட்டி துவைத்தால் போகிறது. உயிர் போனால் எதைத் துவைப்பது?" என்றார் பந்துலு.

இந்த ஆளிடம் இத்தனை நாளில் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. பூஜை செய்கிறவர், அவர்கள் பக்கம் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். கிரணுக்கும் அதே முடிவு. ஒரே மூளை.

ஆகஸ்ட் 6, திங்கள்

பெல்சி திரும்ப வேலையில். வேலையும் உறுதியாகிவிட்டது. கிரண் அமீர்பேட் கிளைக்கு, பதவி உயர்வுடன். செ.ஆ. இந்தச் செய்தியும் வேண்டாம் என்றார். விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டதாம், அதில் செய்தி எங்கே.

வசந்தா பேசிவிட்டாள். கத்திரிக்காய் வாங்கிவரச் சொன்னாள்.

ஆகஸ்ட் 8, புதன்

மழை விட்டிருந்தது. இரண்டாவது டாங்கர். பெல்சி கூப்பிட்டிருந்தாள். செல்போனைக் கேட்டில் வாங்கிக்கொண்டார்கள், என்னுடையதையும். பந்துலு கேட்டில் பூ போட்டுவிட்டு சைக்கிளில் போய்விட்டார். லாரி டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு, பீடி எங்கே குடிப்பது என்று கேட்டான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றாள். "ஹவ்" என்று தலையாட்டிவிட்டுப் போனான். கட்டை. எர்த். நைட்ரஜன். ஹோஸ் மெதுவாக வெளுத்தது. பேன்ட் பூட்ஸுக்கு வெளியே. இறங்கி முடிந்து, ஹோஸ் காலியானதைப் பார்த்து, கழற்றினாள். நான் முழு நேரமும் காற்றுப்பையைப் பார்த்து, காற்று வரும் பக்கம் நின்றேன்.

டீக்கடையில் இருந்தபோது செ.ஆ. போன். எங்கே இருக்கிறீர்கள், அங்கே என்ன நடந்தது என்றார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். பிறகு எதற்குப் போனீர்கள் என்றார்.

அதைப் பார்க்கத்தான் என்றேன்.