பதினாறாம் குறிப்பு: மேலது

3-2-1979
பேராசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஓரமெல்லாம் சிவப்பு மை. 'கருத்து சரி. மேற்கோள்களில் ஒழுங்கு இல்லை.' வேலூர்க் கருத்தரங்கு இம்மாதக் கடைசியில். ஆரணிப் பட்டு நெசவில் எடையும் கூலியும் – தெருத்தெருவாக அலைந்து கேட்டதெல்லாம் இப்போது ஒரு காற்புள்ளிக்காக நிற்கிறது.

6-2
நூலென்றால் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு. பேச்சுக்கு என்ன வடிவம்? பெயர், தொழில், நேர்காணல், ஊர், நாள் என்று வைத்துக்கொண்டேன். அதே ஆள் அடுத்த குறிப்பிலும் வந்தால் 'மேலது'.

மாணிக்கவேல் சொன்னதுதான் கட்டுரையின் உயிர். முதலாளி பட்டை ஈரமாக நிறுத்துக் கொடுக்கிறார். நெய்த புடவை காய்ந்து எடை குறைந்தால் கூலியில் பிடிக்கிறார். முதலாளி பெயரை நான் எழுதவில்லை. பச்சையப்பன் என்று ஊருக்கே தெரியும். மாணிக்கவேல் தறியை விட்டுப் போளூரில் கடை வைத்துவிட்டவர். "என் பேரயே போடுப்பா. எனக்கு இன்னா பயம்?"

10-2
பேராசிரியர் கடிதம். அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் குரல் வேண்டுமாம்.

சேவூர் காத்தாயி அக்கா இருக்கிறார். அடுப்பு வேலை முடிந்து தறியில் உட்காரும் நேரம் பற்றிச் சொன்னார். யாரையும் சுடாத வரி. அவர் இன்றும் பச்சையப்பனிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்பவர். அதனால் எடை பற்றி நான் கேட்கவே இல்லை.

அதைப் பதினைந்தாம் குறிப்பாகச் செருகினேன். பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணிலும் ஒன்று கூட்டினேன். சரிபார்த்தேன்.

15-2
டைப்பிங் சென்டரில் கற்பகம் ஸ்டென்சில் அடித்தார். "சார், பக்கம் ஆரம்பமே 'மேலது'ன்னு இருக்குது. மேல பாத்தா கூரைதான் தெரியுது." சிரித்தோம். முந்தைய பக்கத்தின் கடைசிக் குறிப்பு என்று விளக்கினேன். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

24-2
வேலூர். வாசித்தேன். கைதட்டினார்கள். பச்சையப்பனின் மகன் அங்கே படிக்கிறான் போலிருக்கிறது. வந்து ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டான். மகிழ்ச்சியாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில், கண்ணமங்கலம் தாண்டி, என் பிரதியைப் பிரித்தேன்.

14. மாணிக்கவேல்.
15. காத்தாயி.
16. மேலது.

பதினாறு – ஈரப் பட்டு. மேலே யார்? நான் செருகிய ஆள்.

எண்களைத் திருத்தினேன். அந்த ஒரு சொல்லைப் பார்க்கவில்லை.

25-2
ஞாயிறு. பச்சையப்பன் கடை பூட்டியிருக்கிறது. இன்று பிள்ளை அப்பாவிடம் காட்டியிருப்பான். காட்டாமலும் இருக்கலாம். ஏன் காட்டாமல் இருக்கப்போகிறான்?

26-2
பிழைதிருத்தச் சீட்டோடு போனேன்: 'குறிப்பு 16இல் மேலது என்பதை மாணிக்கவேல் என வாசிக்கவும்.'

பச்சையப்பன் சீட்டைத் தொடவில்லை.

"அச்சடிச்சதுல தப்புங்க. அந்தக்கா ஒண்ணும் சொல்லலீங்க."

"அவளயே இட்டாரச் சொல்லிக் கேட்டாச்சு. ஆமா, நான்தான் சொன்னேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறா. நீ இல்லன்னு காகிதம் எடுத்துகினு வர்ற. உங்க ரெண்டு பேர்ல யாருப்பா படிச்சவங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இனிமே அவளுக்குப் பாவு கிடையாது. ஜல்தியா கெளம்பு."

28-2
இரண்டு நாள் தைரியம் வரவில்லை. இன்று சேவூர் போனேன். தறி வெறுமையாக இருந்தது.

"நீங்க சொல்லவே இல்லியேக்கா."

"நீ கேக்கவே இல்லியே தம்பி."

உள்ளேயிருந்து கணவர் சுப்பன், "வாயக் கட்டிகினு இருந்திருந்தா பேஜாரே இல்ல" என்றார்.

"நீ சும்மா இரு. தறியில ஒக்கார்றது நானு." என் பக்கம் திரும்பினார். "இல்லன்னுதான் சொல்லப் போனேன். அவுரு படிச்சுக் காட்னாரு. ஈரப் பட்ட வாங்கனது இந்தக் கைதானே? கொறச்சல் புடிச்சது என் கூலியிலதானே? வாய் வரல."

"பேரை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா பாவு வந்துடுமா? இருக்கட்டும். என் பேருக்குப் பக்கத்துல இன்னா எழுதிக்கீற? படி."

படித்தேன். 'காத்தாயி, நெசவாளர் சுப்பனின் மனைவி.'

"அவ்ளோதானா?" என்றார்.

19-4-1979
கருத்தரங்க நூலுக்கு அச்சுப்படி வந்திருக்கிறது. அக்கா பக்கத்து வீட்டுத் தறிக்குக் கூலிக்குத் தார் நூல் சுற்றுகிறார். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாவு கேட்டிருக்கிறார், இன்னும் வரவில்லை.

பதினாறில் 'மேலது'வை அடித்துவிட்டு எழுதினேன்: மாணிக்கவேல், நேர்காணல், போளூர். அரைப்புள்ளி. காத்தாயி, நேர்காணல், சேவூர், 28-2-1979.

பிறகு பதினைந்துக்குப் போனேன். 'சுப்பனின் மனைவி' – இரண்டு சொற்கள். அடித்தேன். மிஞ்சியதை அப்படியே விட்டேன்.

காத்தாயி, நெசவாளர்.